மரத்துக்குக் கிழக்கால ஒரு வரப்பு

— அந்த ஈரத்துணியக் கீழ போடு வைரம். போடுங்கறேன்ல. அது தண்ணிச் சாயத்துல வரைஞ்ச படம். நீ துடைச்சா நம்ம பருத்திக் கொல்லையே அழிஞ்சு போயிடும்.

— தூசி படிஞ்சிருக்கேன்னு வந்தேன். பொண்டாட்டி ஒரு தடவை துடைச்சா அழிஞ்சு போற கொல்லையத்தான் ரெண்டு வருசப் பருத்திக் காசைக் கொட்டி மெட்ராசுலேருந்து தூக்கியாந்தீங்களாக்கும்.

— மேல கண்ணாடி இருக்கு, இருந்தாலும் ஓரத்தால உள்ள இறங்கிடுமாம். சொல்லி அனுப்பிச்சாங்க. அமிர்தம், நீயே சொல்லேன் உங்க அண்ணிகிட்ட. பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு மாங்காவும் வாத்தும் வரையக் கத்துக் குடுக்கறவதானே நீ.

— ஆமாண்ணி. தண்ணி பட்டா சாயம் ஓடிடும்.

— நீயும் சேந்துக்க. பாவம், லீவுக்கு அண்ணன் வூட்டுக்கு வந்த புள்ள. ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள எதிர்ல உக்கார வெச்சு படத்தை நிறுத்திட்டாரு. சரி ஏங்க, அந்த உரச் சாக்குல இன்னும் ரெண்டு கட்டிக் கொண்டாந்திருக்கீங்களே, அது என்னா?

— அதுவும் படந்தான். ஒண்ணு பனிமலை. இன்னொண்ணு கேரளா பக்கம், தண்ணியில படகு.

— பனிமலை. இங்க சுண்ணாம்புக்கல் லாரி போற தூசியில எதிர்ல வர்ற மாடு தெரிய மாட்டேங்குது. நமக்கு எதுக்குங்க பனிமலை?

— நல்லதம்பி கேட்டான்.

— உங்க தம்பி கேட்டாரு. அதனால?

— அவன் கேட்டா நான் கேக்காம இருக்க முடியுமா? அட, கேளு வைரம். நீ பாட்டுக்கு பேசிக்கிட்டே போறே. அந்த எடம் எப்படின்னு தெரிஞ்சா நீ இப்படிப் பேச மாட்டே. பெரிய ஹோட்டலு. உள்ள போனா தை மாசப் பனி மாதிரி குளுகுளுன்னு இருக்கு. நாற்காலிக்கெல்லாம் வெள்ளத்துணி போட்டிருக்கான். வாசல்லயே ஒரு பொண்ணு பேரை எழுதிக்கிட்டு நம்பர் போட்ட அட்டை ஒண்ணு கையில குடுத்துச்சு. வாயத் தொறந்து கேக்கக் கூடாதாம். அட்டையத் தூக்கினாப் போதுமாம். ஒரு அம்மா பக்கத்துல வந்து உக்காந்து, நீங்க கலெக்டரான்னு கேட்டுச்சு.

— கேக்கும். கேக்கும். இந்த வேட்டியப் பாத்தா வேற என்னா கேக்கும்.

— படம் வாங்கிச் சேக்கறவங்களுக்கு அங்க அதான் பேராம். எனக்கென்னா தெரியும்? எங்க அரியலூருக்குக் கலெக்டரே கெடையாதும்மா, மாவட்டத்தைக் கலைச்சுத் திரும்பவும் பெரம்பலூரோட சேத்து மூணு வருசமாச்சு, நான் விவசாயின்னேன். அந்தம்மா சிரிச்சுது. எந்த மாதிரிப் படம் சேக்கறீங்கன்னுச்சு. புளியமரம் இருக்கற படம்னேன். ரொம்பத் தெளிவா இருக்கீங்கன்னு கை குடுத்துச்சு.

— தெளிவு. அது இருந்தா நம்ம கொல்லை கொல்லையாவே இருந்திருக்கும். அமிர்தம், நீ மெட்ராசுல இருக்கறவ, உனக்கு இங்க நடந்தது பாதி தெரியாது. மாமா தவறி ரெண்டு வருசம் ஆவுது. அவரு பாடையிலேருந்து எறங்கறதுக்குள்ள ரெண்டு பேரும் பங்கு பேசிட்டாங்க. மேக்கால பாதி இவருக்கு, கிழக்கால பாதி சின்னவருக்கு. வாய்ப் பேச்சுதான், பத்திரம் ஒண்ணும் எழுதல. நடுவுல இருக்கற கிணறும் அந்தப் புளியமரமும் யாரு பக்கம்ங்கறதுல மட்டும் முட்டிக்கிச்சு. அன்னைக்கு நின்ன பேச்சுவார்த்தைதான். இந்த வெள்ளாமையில ரெண்டு பக்கமும் பருத்தி காயுது, நடுவுல கிணறு நெறைஞ்சு கெடக்குது, ஒருத்தரும் தண்ணி எறைக்கல.

— தெரியும் அண்ணி.

— கிணறு என்னுதுடி. அதுல என்னா சந்தேகம்? அந்தக் கிணறு இல்லேன்னா மத்ததெல்லாம் வெறுங்காடு. வரப்பு மரத்துக்குக் கிழக்கால இருந்துது. நான் கோவணம் கட்டின நாள்லேருந்து பாத்த வரப்பு. அப்பா கண்ணை மூடின மறுமாசமே அவன் டிராக்டரை விட்டு உழுது மறைச்சுட்டான்.

— அவரு நீங்க உழுது மறைச்சீங்கங்கறாரு. மரத்துக்கு மேக்கால இருந்துதுங்கறாரு.

— அவன் சொல்லுவான். அதுக்குத்தானே இந்தப் படம். அமிர்தம் மட்டும் போன் போட்டுச் சொல்லலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா? நம்ம கொல்லைய யாரோ வரைஞ்சிருக்காங்கண்ணே, கிணறு, புளியமரம், வரப்பு எல்லாம் அப்படியே இருக்கு, இந்த மாசம் ஏலத்துக்கு வருதுன்னு சொல்லி, கலர் புத்தகத்தையும் அனுப்பி வெச்சுது. கூடப் பொறந்தவன்னா இப்படில்ல இருக்கணும்.

— அது சரி. நல்லதம்பிக்கு எப்படிங்க தெரிஞ்சுது?

— அதான் எனக்கும் புரியல. நான் ஹால்ல நொழையறேன், எனக்கு முன்னாடி வரிசையில உக்காந்திருக்கான். கையில அட்டை. மழிச்சுக்கிட்டு, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு.

— நான்தாண்ணே சொன்னேன்.

— என்னாது?

— சின்னண்ணனுக்கும் நான்தான் போன் பண்ணினேன். புத்தகமும் அனுப்பினேன். உங்களுக்குச் சொல்லிட்டு அவருக்குச் சொல்லாம இருந்தா ஓரவஞ்சனை இல்லையாண்ணே? எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானே.

— நல்லா சொன்னே அமிர்தம். இந்த வூட்ல நியாயம் தெரிஞ்சது நீ ஒருத்திதான்.

— என்னாத்த நல்லா சொன்னா? ஒருத்தன் மட்டும் போயிருந்தா வெலை இந்த அளவுக்கு ஏறியிருக்குமா? அவன் ஒரு ஆளு எதிர்ல இருந்ததாலதானே... சரி வுடு. பொம்பளப் புள்ள, வெவரம் தெரியாம செஞ்சுடுச்சு. அட, கேளு வைரம். கொல்லைப் படம் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பனிமலை வந்துது. நான் சும்மா உக்காந்திருக்கேன். நல்லதம்பி அட்டையத் தூக்கறான்.

— அவருக்கு எதுக்குப் பனிமலை?

— நான் வந்துட்டேன்னு பாத்துட்டான்ல. என்னால முடியும்னு காட்டறான். நம்ம ஊரு ஏரி மீன் ஏலத்துல என்னா பழக்கம்? அண்ணன் கேட்டா தம்பி மேல கேக்க மாட்டான். அண்ணன் எழுந்து துண்டை ஒரு உதறு உதறித் தோள்ல போட்டான்னா அத்தோட முடிஞ்சுது. நானும் அட்டையத் தூக்கிட்டு எழுந்து துண்டை உதறினேன்.

— அந்தக் குளுகுளு ஹால்லயா?

— பின்ன? ஏலம் விடற ஆளு சுத்தியலைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாக்கறான். அவனுக்கு வெளங்கல. நல்லதம்பிக்கு வெளங்குதுல்ல? வெளங்கியும் திரும்பத் தூக்கறான் அட்டைய. அண்ணன் துண்டை உதறினதுக்கு அப்பறம். எனக்குக் காதெல்லாம் அடைச்சுப் போச்சு. அப்பறம் நான் விடல. பனிமலை எனக்கு. அடுத்தாப்ல படகு, அதுவும் எனக்கு. நடுவுல ஒரு குதிரைப் படம் அவன் எடுத்துட்டுப் போயிட்டான். அதை நான் வேணும்னே விட்டுட்டேன்.

— கொள்ளு வைக்கட்டும்.

— சிரிக்காத. சுத்தி உக்காந்திருந்தவங்கல்லாம் எழுந்து நின்னு பாக்கறாங்க. யாரு இவங்க, எந்த ஊரு ஜமீனுன்னு பேசிக்கறாங்க. ஒரு தாடிக்காரரு என்கிட்ட வந்து, அந்த முன்வரிசை ஆளு பெரிய ரசிகர் போலிருக்கே, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும், பொறந்ததுலேருந்து தெரியும்னேன்.

— கொல்லைப் படத்துக்கு வாங்க. அதுக்கு எவ்வளவு?

— எடுத்தாச்சு. அதோட நிறுத்திக்க.

— எவ்வளவுன்னு கேட்டேன்.

— சுத்தியலால தட்டினான், எல்லாரும் கையத் தட்டினாங்க. மாலை போடுவாங்க, ஒரு மேளமாவது இருக்கும்னு பாத்தேன். ஒண்ணையும் காணோம். கையெழுத்து மட்டும் வாங்கினாங்க. ஆனா மரியாதையா அடுத்த ஏலத்துக்கும் அழைச்சிருக்காங்க. வாலிகண்டபுரம் கோயில் கோபுரம் ஒண்ணு வரப் போவுதாம். பழைய படமாம். நம்ம மாவட்டத்து ஊரு, நாம எடுக்கலேன்னா யாரு எடுப்பாங்க.

— எடுத்து எங்க வைப்பீங்க? மாட்டுக் கொட்டாயிலயா? வூட்டு ஓட்டை மாத்தித் தரச் சொல்லி நான் கேட்டு ரெண்டு மழைக்காலம் போச்சு. பனிமலையில ஒழுகினா என்னா பண்ணுவீங்க, அதுவும் தண்ணிச் சாயம். மலையே கரைஞ்சு அடுப்பங்கரையில ஓடும்.

— உனக்கு எதுவும் பெரிசாத் தெரியாது. ஏலத்துல எடுத்தா மட்டும் போதுமா? அவன் ஒத்துக்க வேணாமா? அதையும் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். திரும்பி வர்றப்ப ரெண்டு பேருக்கும் ஒரே ரயிலு. அரியலூர் வரைக்கும் அவன் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். அவன் மடியில குதிரை, என் மடியில கொல்லை. கீழப்பழுவூர்ல பஸ்ஸை விட்டு எறங்கினதும் நான்தான் வாயத் தொறந்தேன். தம்பி, இந்தப் படத்துல வரப்பு எப்படி இருக்கோ அப்படியே வெச்சுக்குவோம், சம்மதமான்னு கேட்டேன்.

— சண்டை போட்டிருப்பாரே.

— அதான் இல்ல. நான் கேட்டு முடிக்கல, சரிங்கறான். இப்பவே அய்யனார் கோயிலுக்குப் போவோம்ங்கறான். எனக்கே ஆச்சரியமாப் போச்சு. பூசாரி வெள்ளைச்சாமிய எழுப்பி, ரெண்டு பேரும் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டோம். இந்தப் படத்துல இருக்கறபடிதான் எல்லை, மீறினவனை அய்யனார் பாத்துக்கட்டும்னு. வெள்ளைச்சாமிதான் சாட்சி.

— ஏங்க, எனக்கு ஒண்ணு இடிக்குது. ஏலத்துல தோத்த மனுசன், படம் உங்க கையில இருக்கு, வரப்பு உங்களுக்குச் சாதகமா இருக்கு. அவரு எதுக்கு அவ்வளவு ஆசையா ஓடி வந்து கற்பூரம் அடிக்கிறாரு?

— மனசாட்சி உறுத்தியிருக்கும்.

— நல்லதம்பிக்கா? இருங்க, அந்தப் படத்தை இப்படித் திருப்புங்க. நான் துடைக்க மாட்டேன், பாக்கத்தான் போறேன்.

— பாரு. நல்லாப் பாரு. தண்ணி எறைக்கிற கவலை மாடு ரெண்டு நிக்குது, மோட்டார் ரூமைக் காணோம். ஆக அப்பா காலத்துலயே எவனோ வந்து வரைஞ்சிருக்கான். இதோ கிணறு. இதோ புளியமரம். மரத்துக்குக் கிழக்கால இதோ வரப்பு, பச்சையா புல்லு மொளைச்சுக் கெடக்கு. மரம், கிணறு எல்லாம் நம்ம பக்கம்.

— கிணத்து மேட்டுல ஒரு பொம்பளப் புள்ள உக்காந்திருக்கே. பாவாடைய முழங்காலுக்கு இழுத்து விட்டுக்கிட்டு. யாரு இது?

— யாருமில்ல. மரம் எவ்வளவு ஒசரம்னு தெரியறதுக்கு சும்மா ஒரு ஆளைப் போடுவாங்களாம். அந்தத் தாடிக்காரரு சொன்னாரு.

— சரி. மரத்துக்குக் கிழக்கால இது வரப்பு. ஒத்துக்கறேன். அப்ப மரத்துக்கு மேக்கால இருக்கே, இது என்னா?

— எது?

— இதுங்க. என் வெரலுக்கு நேரா பாருங்க. இதுலயும் புல்லு மொளைச்சிருக்கு.

— அது... வாய்க்காலா இருக்கும்.

— வாய்க்கால் மேல நண்டு வளை இருக்குமா? ஓரத்துல துவரை நட்டிருப்பாங்களா? வரப்புங்க இது. ரெண்டு வரப்பு இருக்கு. அதனாலதான் சின்னவரு ஓடி வந்து கற்பூரம் அடிச்சிருக்காரு. நீங்க கிழக்கால வரப்பைப் பாத்தீங்க, மேக்கால பாக்கல. அவரு மேக்கால வரப்பைப் பாத்தாரு, கிழக்கால பாக்கல. மரம் எனக்கு, மரம் எனக்குன்னு ரெண்டு பேரும் ஒரே நெருப்புல கைய வெச்சுட்டு வந்திருக்கீங்க.

— இரு. இரு. ஒரு வரப்பு அழகுக்குப் போட்டிருப்பான்.

— எந்த வரப்பு அழகுக்கு? அதை யாரு சொல்றது? மூணு துண்டா இருக்குங்க. சாண் போட்டுப் பாக்கறேன் பாருங்க, மூணும் ஒரே அகலம். உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நடுவுல இருக்கற துண்டுல கிணறு, மரம், அந்தப் புள்ள.

— வைரம், ஒரு சொம்பு தண்ணி கொண்டா.

— குடிக்கவா, அழிக்கவா?

— கொண்டான்னா கொண்டாயேன்.

— அழிச்சா மட்டும்? சின்னவரு கையில கலர் புத்தகம் இருக்கு. அதுல இதே படம் இருக்கு. அது தண்ணிச் சாயம் இல்ல, அச்சு. போயி அதையும் ஏலத்துல எடுப்பீங்களா?

— அண்ணே, உக்காருங்க. வேர்க்குது பாருங்க உங்களுக்கு.

— நீ சும்மா இரு அமிர்தம். உனக்கு இதோட கஷ்டம் தெரியாது.

— அவளுக்கா தெரியாது? மாமா பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு இதே எடத்துல நின்னு கேட்டா. அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்லையான்னு. நீங்க என்னா சொன்னீங்க? உனக்குத்தான் மூக்குத்தி போட்டுக் கல்யாணம் பண்ணி அனுப்பியாச்சே, கொல்லை எதுக்குன்னீங்க. சின்னவரும் ஆமான்னாரு. ரெண்டு வருசத்துல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்ன பேச்சு அது ஒண்ணுதான். நான் அன்னைக்கு வாய மூடிக்கிட்டு எல போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கும் பொறந்த வூட்ல ஒரு குழி நெலம் குடுக்கல, அதனால அதுதான் ஒலக வழக்கம்னு நெனச்சேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு அமிர்தம்.

— விடுங்க அண்ணி.

— இந்த நேரத்துல பழசை எதுக்குடி கெளர்றே? நானே என்னா பண்றதுன்னு தெரியாம நிக்கறேன். கற்பூரம் அடிச்சிருக்கேன். நாளைக்கு நல்லதம்பி வெள்ளைச்சாமியக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான். படத்தை எடுத்து வைம்பான். ரெண்டு வரப்பையும் பாத்தா ஊரே கேக்குமே, நடுவுல இருக்கறது யாருதுன்னு. நான் என்னா சொல்லுவேன்?

— பனிமலையக் காட்டுங்க.

— உனக்கு எல்லாம் விளையாட்டு. இந்தப் படத்தை வரைஞ்சவன் ஒருத்தன் இருக்கான்ல? அவனைச் சொல்லணும். பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்களாம், ஏலத்துல சொல்லல. நானும் கேக்கல. மீன் ஏலத்துல மீன் பேரையா கேக்கறோம். ஆனா படத்துக்குண்டான பணம் அவன் கைக்குத்தானே போயிருக்கும்? போனவன் எங்க போயிடுவான்?

— போயி அவரை என்னா பண்ணப் போறீங்க?

— எங்க இருந்தாலும் தேடிப் புடிக்கறேன். மெட்ராசா இருந்தாலும் சரி, டில்லியா இருந்தாலும் சரி. கூட்டியாந்து அய்யனார் கோயில் வாசல்ல நிறுத்தறேன். இந்தக் கொல்லைய நேர்ல பாத்தவன்தானே அவன்? எதுக்கு ரெண்டு வரப்பு போட்டான்னு அவன் வாயால சொல்லட்டும். எதை வெச்சு மூணு துண்டு பண்ணினான்னு சொல்லட்டும். அவன் சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன். நல்லதம்பியும் கட்டுப்பட்டுத்தான் ஆவணும்.

— ஏங்க, ஒரு தடவை வாயக் குடுத்துட்டு வந்தது போதும். திரும்பவும் குடுக்காதீங்க.

— குடுத்தா குடுத்ததுதான் வைரம். சாமிதுரை பேச்சு மாற மாட்டான். அமிர்தம், நீயும் கேட்டுக்க, நாளைக்குச் சாட்சி வேணும். வரைஞ்ச ஆளு என்னா சொல்றானோ அதான் எல்லை. அய்யனார் மேல ஆணையாச் சொல்றேன்.

— அப்ப சொல்லிடறேண்ணே. அப்பாவுக்குப் புள்ளைங்க மூணு பேரு, அதான் மூணு துண்டாப் போட்டேன்.